சாரணர் சட்டையில் பழைய முகாம்களின் பேட்ச்: எதை, எங்கே, எத்தனை அணியலாம்

அமெரிக்கச் சாரணர் இயக்கத்தில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோருக்கு முதல் ஆண்டு முடிவதற்குள் ஒரு சிக்கல் வந்து சேரும். பல குழுக்கள் கூடி முகாமிடும் வசந்த காலக் கேம்போரிக்கு ஒரு பேட்ச், கோடை முகாமுக்கு ஒரு பேட்ச், க்ளோண்டைக் டெர்பி என்ற பனிக்காலச் சறுக்குவண்டிப் போட்டிக்கு ஒன்று, குருளையர் (சாரணருக்கு இளைய பிரிவினர்) வயதென்றால் பைன்வுட் டெர்பி என்ற மரக் கார் பந்தயத்துக்கு ஒன்று, வீடு வீடாகச் சென்று உணவுப் பொருள் திரட்டிய சனிக்கிழமைக்கு ஒன்று, பாப்கார்ன் விற்றதற்கு ஒன்று என்று மேசை இழுப்பறை நிரம்பிவிடும். பிள்ளைக்கோ எல்லாவற்றையும் சட்டையில் தைத்துக்கொள்ள ஆசை. சட்டையில் அவற்றுக்கென ஒதுக்கிய இடம் ஒன்றே ஒன்றுதான். அந்த ஓர் இடத்தில் எதை வைப்பது, மற்றவற்றை எங்கே கொண்டுபோவது, ஜாம்போரி என்ற சாரணர் பெருங்கூடலின் பேட்சுக்கு மட்டும் ஏன் தனி விதி என்பவற்றைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதலில் விதி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

1910இல் தொடங்கி நெடுங்காலம் பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற பெயரில் இயங்கிய அமைப்பு, 2025 பிப்ரவரி 8 முதல் ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்ற பெயரில் இயங்குகிறது. எந்தச் சின்னத்தை யார், எந்த இடத்தில் அணியலாம் என்பதை அந்த அமைப்பு வெளியிடும் விருதுகள், சின்னங்கள் பற்றிய கையேடு சொல்கிறது. அதன் சாரத்தைப் படத்துடன் காட்டும் சீருடைப் பரிசோதனைத் தாள்களும் உண்டு. குருளையருக்கு ஒன்று, சாரணருக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று என்று அவை தனித்தனியாக இருப்பதால், உங்கள் பிள்ளையின் பிரிவுக்குரிய தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஊசியைத் தொடுவது நல்லது.

சீருடையில் எதையும் கூட்டவோ மாற்றவோ ட்ரூப் எனப்படும் உள்ளூர்ச் சாரணர் குழுவின் சாரண ஆசிரியருக்கோ பெற்றோர் குழுவுக்கோ அதிகாரம் கிடையாது. "எங்கள் ட்ரூப்பில் இப்படித்தான்" என்று யாராவது சொன்னால், அது வழக்கமாக இருக்கலாமே தவிர விதியாகாது. அதே நேரத்தில், தவறான இடத்தில் தைத்துவிட்ட ஒரு பேட்சுக்காகப் பிள்ளையைக் கூட்டத்திலிருந்து திருப்பி அனுப்பும் அளவுக்குப் பொறுப்பான தலைவர் எவரும் போகமாட்டார். ஆகவே பதற்றம் வேண்டாம்; சரியாகச் செய்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும், தைத்ததைப் பிரித்து மறுபடி தைக்கும் வேலையும் மிச்சம்.

இந்தியாவில் பாரத சாரணர் சாரணியர் இயக்கத்தில் இருந்த அப்பாக்களும் அம்மாக்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே பழகிய இடங்களை நினைவிலிருந்து எடுத்து இந்தச் சட்டையில் பயன்படுத்தாதீர்கள். ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் தன் சீருடைக்குத் தானே விதி வகுத்துக்கொள்கிறது.

சட்டையின் வரைபடம்

சட்டையை மேசைமேல் விரித்து, அணிந்திருப்பவரின் இடது, வலது என்று கணக்கிட்டுப் பாருங்கள். எதிரில் நிற்பவரின் இடது, வலது என்று நினைத்துத் தைப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை.

இடது பக்கம் முழுவதும் நிரந்தரமான சின்னங்களுக்கு உரியது. இடது தோள் தையலை ஒட்டிக் கவுன்சில் எனப்படும் வட்டார அமைப்பின் பேட்ச், அதற்குக் கீழே ட்ரூப்பின் எண், அதற்கும் கீழே பொறுப்பைக் காட்டும் சின்னம் ஆகியவை கைப்பகுதியில் வரும். இடது சட்டைப்பையின் நடுவில் பிள்ளை அப்போது எட்டியிருக்கும் நிலையை (ரேங்க்) காட்டும் நிலைச் சின்னம் இருக்கும். அந்தப் பைக்கும் தோள் தையலுக்கும் இடையே, ஊதாப் பின்னணியில் அல்லி மலரைக் கயிறு வளைத்துக் கட்டிய உலகச் சாரணர் சின்னம் இருக்கும். பைக்கு மேலே சேவை நட்சத்திரங்களும், விருதுகளைக் குறிக்கும் முடிச்சுச் சின்னங்களும் வரும். நிகழ்ச்சிப் பேட்ச் எதற்கும் இந்தப் பக்கத்தில் இடமில்லை; பிற்பாடு சொல்லப்போகும் ஒரே ஒரு விதிவிலக்கு மட்டும் தோளில் வரும்.

வலது பக்கத்தில் கைப்பகுதியின் மேலே அமெரிக்கக் கொடியும் அதற்குக் கீழே ட்ரூப்புக்குள் பிள்ளை சேர்ந்திருக்கும் சிறு அணியின் சின்னமும் இருக்கும். வலது சட்டைப்பைக்கு மேலே அமைப்பின் பெயர்ப்பட்டை சட்டையோடு தைக்கப்பட்டே வரும். அந்தப் பையின் மூடி, ஆர்டர் ஆஃப் தி ஆரோ என்ற கௌரவக் குழுவின் உறுப்பினர்களுக்கு உரிய இடம். தங்கள் ட்ரூப்பின் சக சாரணர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு அதில் சேர்ந்தவர்கள், லாட்ஜ் எனப்படும் அதன் உள்ளூர்க் கிளையின் மூடிவடிவப் பேட்சை அங்கே தைத்துக்கொள்வார்கள். மூடிக்குக் கீழே தெரியும் பையின் முகப்புதான் நிகழ்ச்சிப் பேட்சுகளின் இடம். கையேட்டின் மொழியில் அவை தற்காலிகச் சின்னங்கள். அங்கே ஒரு நேரத்தில் ஒன்றுதான் இருக்கலாம்.

இதுதான் மையமான விதி. அது பழைய முகாமின் பேட்சா, போன வாரத்துப் பேட்சா என்பது பொருட்டல்ல. மூன்றாண்டுக்கு முந்தைய கோடை முகாம்தான் பிள்ளையின் மனத்துக்கு நெருக்கமானது என்றால் அதையே அணியலாம்; புதியது கிடைத்ததும் பழையதைக் கழற்றியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் இரண்டு பேட்ச்களை மேலும் கீழுமாகத் தைப்பது, ஒன்றைத் தைத்து அதன்மேல் மற்றொன்றைப் பொத்தானில் தொங்கவிடுவது, இடம் போதவில்லை என்று இடது பைக்கும் பரவுவது ஆகிய மூன்றும் பிழை. குருளையரின் நீலச் சட்டைக்கும் சாரணரின் காக்கி நிறச் சட்டைக்கும், தலைவர்களாகப் பணியாற்றும் பெரியவர்களின் சட்டைக்கும் இந்த விதி ஒன்றுதான். இருபதாண்டு முகாம் அனுபவமுள்ள சாரண ஆசிரியரும் ஒரே ஒரு பேட்சோடுதான் நிற்க வேண்டும்.

இழுப்பறையைக் கொட்டிப் பிரியுங்கள்

அடுத்த வேலை, கையில் இருக்கும் துணித் துண்டுகளில் எது உண்மையில் நிகழ்ச்சிப் பேட்ச் என்று கண்டுபிடிப்பது. இதில் அவசரப்பட்டால் பின்னால் தொல்லை. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருந்தாலும் அவை ஐந்தாறு வகைப்படும்.

கேம்போரி, கோடை முகாம், டெர்பி, உணவு திரட்டல், பாப்கார்ன் விற்பனை போன்றவை சாதாரணத் தற்காலிகப் பேட்ச்கள். பெரும்பாலும் வட்டமாகவோ பல வடிவங்களிலோ, ஆண்டும் இடமும் பொறித்து, பல நேரம் மேல் விளிம்பில் பொத்தானில் மாட்டும் சிறு வளையத்தோடும் வரும். இவை எல்லாம் ஒரு குவியல்.

அடுத்தது மூடிவடிவப் பேட்ச்கள். கத்தி, கோடரி பயன்படுத்தக் கற்றதற்கான டோட்டின் சிப், தீ மூட்டக் கற்றதற்கான ஃபயர்மன் சிட் ஆகியவற்றின் பேட்ச்கள் சட்டைப்பை மூடியின் வடிவத்திலேயே தயாரிக்கப்படுவதால், எல்லோரும் அவற்றை மூடியின்மேல் தைத்துவிடுகிறார்கள். அச்சடித்தாற்போலப் பொருந்தும் வடிவத்தில் செய்துவிட்டு அங்கே தைக்காதே என்பது கொஞ்சம் அநியாயம்தான். ஆனாலும் மூடி ஆர்டர் ஆஃப் தி ஆரோவுக்கு உரியது. இந்தப் பேட்ச்களை அணிய விரும்பினால் பையின் முகப்பில், அந்த ஒற்றைத் தற்காலிகச் சின்னமாகத்தான் அணிய வேண்டும்.

மூன்றாவது, பதக்கத்தைப் போலவோ விருதைப் போலவோ நிரந்தரமான இடம் குறிக்கப்பட்டவை. புதிய உறுப்பினரைச் சேர்த்ததற்குக் கிடைக்கும் ரிக்ரூட்டர் பட்டை வலது பைக்குக் கீழே வரும். அது நிகழ்ச்சிப் பேட்ச் அல்ல என்பதால் ஒன்று என்ற எண்ணிக்கையில் சேராது. நிலைச் சின்னங்கள், ஒவ்வொரு துறையிலும் திறன் கற்றதற்கான மெரிட் பேட்ஜ்கள், முடிச்சுகள் ஆகியவையும் அப்படியே. இவற்றைத் தனியே எடுத்து வையுங்கள்.

நான்காவது, துண்டு துண்டாகச் சேர்வது. சில முகாம்கள் நடுவில் ஒரு வட்டப் பேட்சும், ஆண்டுதோறும் அதைச் சுற்றி ஒட்டவைக்கும் பிறைவடிவத் துண்டுகளும் தரும். இரண்டு ஆண்டுக்குப் பிறகு அந்த முழுத் தொகுப்பு எந்தச் சட்டைப்பையிலும் அடங்காது. நடுப் பேட்சை மட்டும் சட்டைக்கு எடுத்துக்கொண்டு, சுற்றுத் துண்டுகளைச் சேர்த்த முழு வடிவத்தை, பேட்ச்கள் தைத்து வைக்கும் முகாம் போர்வைக்கு ஒதுக்குவதே என் யோசனை.

ஐந்தாவது, ஆறு அங்குல அகலம் வரை வரும் பெரிய முதுகுப் பேட்ச்கள். இவை சட்டைக்கு உரியவை அல்ல. ஜாக்கெட்டின் முதுகுக்கு உரியவை.

ஆறாவது ஜாம்போரி பேட்ச்கள். அவற்றுக்குத் தனிப் பத்தி தேவை.

ஜாம்போரி பேட்ச்

தேசிய ஜாம்போரி அல்லது உலக ஜாம்போரியில் கலந்துகொண்டவர்கள் அதன் சின்னத்தை வலது சட்டைப்பைக்கு மேலே, அமைப்பின் பெயர்ப்பட்டைக்கும் மேலே அணியலாம். பையின் முகப்பிலுள்ள தற்காலிகப் பேட்சுக்கு அது போட்டியில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம். ஆனால் அந்த மேலிடத்திலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். 2017 தேசிய ஜாம்போரிக்கும் 2023 தேசிய ஜாம்போரிக்கும் போனவர் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 2019இல் மேற்கு வர்ஜீனியாவின் சம்மிட் பெக்டெல் ரிசர்வில் நடந்த 24ஆவது உலக ஜாம்போரிக்கும் ஒரு தேசிய ஜாம்போரிக்கும் போனவருக்கும் அதேதான். அடுக்கி வைத்து இரண்டையும் காட்டும் வழக்கம் பெரியவர்களிடம் அவ்வப்போது காணப்படுகிறது. அதைப் பார்த்துப் பிள்ளைகள் பழகுகிறார்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கலந்துகொண்டவர்கள் மட்டும் என்ற பகுதியை அழுத்திச் சொல்கிறேன். ஜாம்போரிகளில் பேட்ச் பரிமாற்றம் பெரிய திருவிழாவாகவே நடக்கும். தரையில் துண்டை விரித்துப் பேட்ச்களைப் பரப்பி வைத்துக்கொண்டு பேரம் பேசும் பிள்ளைகளைப் பார்க்கலாம். அங்கே பிள்ளைகள் பிள்ளைகளோடும் பெரியவர்கள் பெரியவர்களோடும் மட்டுமே மாற்றிக்கொள்வது நடைமுறை. பெரியவர் ஒருவர் தன் அனுபவத்தால் பிள்ளையை ஏமாற்றிவிடக் கூடாது என்பதும், இளையோர் பாதுகாப்பும் அதற்குக் காரணம். அப்படி மாற்றி வாங்கிய பேட்ச் உங்கள் பிள்ளையின் சேகரிப்பில் இருக்கலாம், ஆல்பத்தில் இருக்கலாம். ஆனால் பிள்ளை போகாத ஜாம்போரியின் சின்னமாக அதைச் சட்டையில் தைக்கக் கூடாது.

பழைய பேட்ச் என்றால் அதை அணிந்தவர் அங்கே போயிருப்பார் என்று எண்ணுவது கூடச் சில நேரம் தவறாகிவிடும். வாஷிங்டனில் 1935இல் நடக்கவிருந்த முதல் தேசிய ஜாம்போரி இளம்பிள்ளை வாதம் பரவியதால் ரத்தானது. அது 1937இல்தான் நடந்தது. 1935க்கெனத் தயாரித்த பேட்ச்கள் ஏற்கெனவே வெளியே போயிருந்தன. யாருமே கலந்துகொள்ளாத ஒரு நிகழ்ச்சியின் பேட்ச் என்பதால் சேகரிப்பாளர்கள் இன்றும் அதைத் தேடுகிறார்கள். அண்மையில் 2021 தேசிய ஜாம்போரியும் பெருந்தொற்றால் நடக்காமல் போய், அடுத்தது 2023இல்தான் கூடியது.

முன்பு சொன்ன தோள் விதிவிலக்கு இதுதான். ஜாம்போரிக்குக் குழு அனுப்பும் கவுன்சில்கள், தங்கள் வழக்கமான தோள் பேட்சின் வடிவத்திலேயே, அந்த ஆண்டுக்கென்று சிறப்பாக வரைந்த ஒரு தோள் பேட்சை வெளியிடுகின்றன. குழுவில் சென்ற சாரணர் இடது தோளில் வழக்கமான கவுன்சில் பேட்சுக்குப் பதிலாக அதைத் தைத்துக்கொள்ளலாம். பதிலாக என்பதைக் கவனியுங்கள்: ஒரு தோளில் ஒரு கவுன்சில் பேட்ச்தான். பரிமாற்றத்தில் கிடைத்த வேறு கவுன்சிலின் அழகான தோள் பேட்ச் தைப்பதற்கு அல்ல, சேர்த்து வைப்பதற்கு.

ஒன்றைத் தேர்ந்தெடுத்தல்

இப்போது முதல் குவியலுக்குத் திரும்புவோம். அதிலிருந்து ஒன்றைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பெற்றோர் தேர்ந்தால் பெரியதும் பளபளப்பானதும் வரும். பிள்ளை தேர்ந்தால் பெரும்பாலும் மழையில் கூடாரம் ஒழுகிய முகாமின் பேட்ச்தான் வரும். அதுவே சரி, ஏனென்றால் அந்தப் பேட்சைப் பார்த்து அடுத்தவர் கேள்வி கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான்.

நடைமுறைக்காக இரண்டு அளவுகோல்களைச் சொல்கிறேன். பேட்ச் பையின் முகப்பில், மூடிக்கும் பையின் கீழ் விளிம்புக்கும் இடையே, பக்கங்களில் வழியாமல் அடங்க வேண்டும். வெட்டிச் சிறிதாக்கலாமா என்று யோசிக்க வேண்டாம். விளிம்பு நூல் அவிழ்ந்து ஒரே சலவையில் கெட்டுவிடும். அடுத்து, பேட்ச் துவைக்கத் தாங்குமா என்று பாருங்கள். அடர்சிவப்பு நிறமுள்ளதை ஈரமான வெள்ளைத் துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். சாயம் துணியில் ஏறினால், அது காக்கிச் சட்டையிலும் ஏறும்.

தைப்பதா, தொங்கவிடுவதா

இரண்டுமே அனுமதிக்கப்பட்டவை. பேட்சைப் பையின் நடுவில் தைக்கலாம். அல்லது வலது பைப் பொத்தானில் மாட்டும் பிளாஸ்டிக் உறையில் செருகித் தொங்கவிடலாம். வளையத்தோடு வரும் பேட்சை உறையில்லாமலே மாட்டலாம்.

அடிக்கடி மாற்ற விரும்பும் பிள்ளைக்கு உறைதான் ஏற்றது என்று நினைக்கிறேன். கேம்போரிக்குப் போகும் வாரத்தில் பழைய கேம்போரியின் பேட்ச், கோர்ட் ஆஃப் ஆனர் என்ற விருது வழங்கும் விழாவுக்குக் கோடை முகாமின் பேட்ச் என்று நொடியில் மாற்றலாம். சட்டையில் ஊசித் துளைகள் விழாது. வளரும் பிள்ளைக்கு அடுத்த ஆண்டு புதுச் சட்டை வாங்கும்போது பிரித்துத் தைக்கும் வேலையும் இருக்காது. குறை என்னவென்றால், தொங்கும் பேட்ச் மரக்கிளையிலும் முதுகுப்பையின் வாரிலும் மாட்டிக்கொள்ளும். பொத்தானின் நூலும் நாளடைவில் தளரும். ஆகவே உறை வாங்கும் நாளிலேயே அந்தப் பொத்தானை அவிழ்த்து இரட்டை நூலால் இறுக்கித் தைத்துவிடுங்கள். மூடியில் ஆர்டர் ஆஃப் தி ஆரோவின் தொங்கட்டான் இருந்தால் இரண்டும் ஒரே பொத்தானுக்குப் போட்டியிடும். அப்போது பேட்சைத் தைப்பதுதான் வழி.

தைக்க முடிவு செய்தால் இப்படிச் செய்யுங்கள். சட்டையை முதலில் ஒருமுறை துவைத்துக் காயவையுங்கள். புதுத் துணி சுருங்கும், பேட்ச் சுருங்காது. துவைக்காமல் தைத்தால் பேட்சைச் சுற்றித் துணி சுருக்கம் விழுந்து, எவ்வளவு இஸ்திரி போட்டாலும் நேராகாது. பிறகு பைக்குள் அதே அளவுக்கு வெட்டிய ஒரு தடித்த அட்டையைச் செருகுங்கள். இந்த அட்டை இல்லாமல் தைத்தவர்கள், ஊசி பையின் பின்துணியையும் சேர்த்துப் பிடித்துவிட, பையே மூடிக்கொண்டுவிட்டதைத் தையல் முடிந்த பிறகுதான் பார்ப்பார்கள். பையின் மூடியைப் பொத்தானிட்டு மூடி, தெரியும் பகுதியின் நடுவை அளந்து, பேட்சை வைத்து நான்கு குண்டூசி குத்துங்கள். பையின் நடுவில் செங்குத்தான மடிப்பு இருந்தால் பேட்ச் அதை மறைத்து இறுக்கிவிடும்; அதனால் பை விரியாது என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

நூல் பேட்சின் விளிம்பு நிறத்தில் இருக்கட்டும், சட்டையின் நிறத்தில் வேண்டாம். தடித்த ஓவர்லாக் விளிம்பு கொண்ட பேட்ச் என்றால், ஊசியைச் சட்டையிலிருந்து மேலே எடுத்து விளிம்பின் உள்பக்கத்தைத் தொட்டு மறுபடி சட்டைக்குள் இறக்குங்கள். தையல் அந்த விளிம்பின் புடைப்புக்குள் மறைந்துவிடும். விளிம்பு தட்டையாக இருந்தால், ஓரத்திலிருந்து ஒரு நூலளவு உள்ளே தள்ளிச் சிறிய ஓட்டுத் தையலாகப் போங்கள். கால் அங்குலத்துக்கு ஒரு தையல் என்பது போதும் என்று தோன்றும், போதாது. முகாமில் மரத்தில் ஏறும் பிள்ளைக்கு அதில் பாதி இடைவெளி வேண்டும்.

தையலுக்குப் பதிலாகச் சூட்டில் ஒட்டும் பசையும், இரு பக்கமும் ஒட்டும் பசைத்தாளும் கடைகளில் கிடைக்கின்றன. ஒருபோதும் மாற்றாத கவுன்சில் பேட்சுக்கும் எண்ணுக்கும் அவை பரவாயில்லை. மாற்றுவதற்கென்றே இருக்கும் தற்காலிகப் பேட்சுக்குப் பசை பொருந்தாது. பேட்சை எடுத்த பிறகும் பசையின் தடம் சட்டைப்பையில் கறையாக நிற்கும். அதன்மேல் வேறு அளவுள்ள பேட்ச் வைத்தால் பழைய வட்டம் வெளியே தெரியும். மெல்லிய செயற்கை இழைச் சட்டை என்றால் சூட்டுப் பசையைத் தொடவே வேண்டாம். பேட்ச் ஒட்டும் சூட்டில் துணி சுருண்டுவிடும்.

மற்ற பேட்ச்கள் எங்கே போகும்

சட்டையில் இடம் பெறாதவற்றுக்கு ஏற்பாடு நிறைய உண்டு.

சாரணர் வயதினருக்கு முதலில் சொல்ல வேண்டியது மெரிட் பேட்ஜ் தோள்வார். வலது தோளிலிருந்து குறுக்காக அணியும் அந்தப் பட்டையின் முன்பக்கத்தில் மெரிட் பேட்ஜ்கள் வரும். பின்பக்கத்தில் தற்காலிகப் பேட்ச்களைத் தைத்துக்கொள்ளலாம். சீருடையோடு சேர்ந்து விதிப்படி பல நிகழ்ச்சிப் பேட்ச்களை அணிய முடியும் இடம் இது. கோர்ட் ஆஃப் ஆனர் போன்ற விழாக்களுக்கே அதை அணிவார்கள், வாராந்தரக் கூட்டத்துக்கு அல்ல. அதை மடித்து இடுப்புப் பட்டையில் செருகிக்கொள்வது கூடாது. ஆர்டர் ஆஃப் தி ஆரோவின் வெள்ளைத் தோள்வாரோடு சேர்த்து ஒரே நேரத்தில் அணிவதும் கூடாது. தைக்கும்போது ஓர் எச்சரிக்கை: முன்பக்கத்து மெரிட் பேட்ஜின் தையல் பின்பக்கத்தில் தெரியும் என்பதால், முன்பக்கம் நிரம்பும் வரை காத்திருந்து பின்பக்கத்தைத் தொடங்குவதே மேல். இல்லாவிட்டால் ஒவ்வொரு புதிய மெரிட் பேட்ஜுக்கும் பின்பேட்ச் ஒன்றைத் துளைக்க வேண்டிவரும்.

குருளையருக்குச் சிவப்பு வெஸ்ட் இருக்கிறது. நிகழ்ச்சிப் பேட்ச்களைத் தைப்பதற்கென்றே அது விற்கப்படுகிறது. அதில் எத்தனை வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம். ஆறு வயதுப் பிள்ளைக்கு இரண்டு அளவு பெரிதாக வாங்கி, முதுகின் மேற்பகுதியிலிருந்து தைக்கத் தொடங்குங்கள். முன்பக்கம் பொத்தானுக்கு அருகே தைத்தவை ஐஸ்கிரீமிலும் மண்ணிலும் முதலில் அழுக்காகும்.

பெரிய முதுகுப் பேட்ச்களுக்குச் சிவப்புக் கம்பளி ஜாக்கெட் உண்டு. நியூ மெக்ஸிகோவிலுள்ள ஃபில்மாண்ட் மலைப்பண்ணைக்குச் சென்று வந்தவர்கள் கறுப்பு நிற எருதுச் சின்னம் ஒன்றை இந்த ஜாக்கெட்டின் இடது தோளருகே தைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எருதின் வால் தோள் தையலைத் தொடும்படி வைப்பது அவர்கள் வழக்கம். அதையும் சீருடைச் சட்டைக்குக் கொண்டுவரக் கூடாது.

இவை எதிலும் அடங்காதது முகாம் போர்வைக்குப் போகட்டும். கம்பளிப் போர்வையில் விதி எதுவும் இல்லை: பரிமாற்றத்தில் வாங்கியது, தாத்தா தந்தது, போகாத ஜாம்போரியினது, ஆறு பிறைத் துண்டுகளோடு கூடிய முழுத் தொகுப்பு எல்லாமே வரலாம். ஆனால் உண்மையிலேயே பழமையான பேட்ச் கையில் இருந்தால் அதைத் தைக்காதீர்கள், ஒட்டாதீர்கள், துவைக்காதீர்கள்; அமிலமற்ற தாளுடன் உறையில் போட்டு ஆல்பத்தில் வையுங்கள். பத்தாண்டுக்கு முந்தைய கேம்போரிக்கு இந்தக் கவனம் தேவையில்லை. கைத்தையல் விளிம்புள்ள கம்பளித்துணிப் பேட்சுக்குத் தேவை.

பழைய பேட்சைக் கழற்றும்போது

தையல் பிரிப்பானைப் பேட்சுக்கும் சட்டைக்கும் நடுவே செருகாதீர்கள். சட்டை கிழியும் இடம் அதுதான். சட்டையின் உள்பக்கத்திலிருந்து நான்கைந்து தையலுக்கு ஒன்றாக நூலை வெட்டிவிட்டு, வெளிப்பக்கத்தில் பேட்சை மெதுவாகத் தூக்கினால் மீதி நூல் தானே உருவி வரும். ஒட்டியிருக்கும் நூல் துணுக்குகளை ஒட்டும் நாடாவால் எடுத்துவிடலாம். துளைத் தடங்கள் தெரிந்தால், அந்த இடத்தை ஈரமாக்கி நகத்தால் குறுக்கும் நெடுக்கும் லேசாகச் சுரண்டி, பிறகு இஸ்திரி போடுங்கள். கழற்றிய பேட்சின் பின்பக்கத்தில் ஒரு சிறு காகிதத்தில் ஆண்டையும் முகாம் நடந்த இடத்தையும் எழுதி ஊசியால் குத்தி வையுங்கள். சில பேட்ச்களில் ஆண்டு பொறித்திருக்காது.

மூத்த பிள்ளையின் சட்டை இளையவனுக்கு இறங்கும்போது

ஒரு காலத்தில் அதிகாரபூர்வமாக இருந்த சீருடை, புதிய வடிவம் வந்த பிறகும் செல்லும் என்பதால், அண்ணனின் சட்டையையோ அப்பாவின் பழைய சட்டையையோ பிள்ளை தாராளமாக அணியலாம். ஆனால் அதிலிருக்கும் சின்னங்கள் அண்ணனுடையவை. சட்டை கைமாறும் நாளிலேயே நிலைச் சின்னம், பொறுப்புச் சின்னம், லாட்ஜின் மூடிப் பேட்ச், ஜாம்போரிச் சின்னம், நிகழ்ச்சிப் பேட்ச் எல்லாவற்றையும் பிரித்து அண்ணனிடமே கொடுத்துவிடுங்கள். கவுன்சில் பேட்சும், கொடியும், உலகச் சின்னமும், அதே ட்ரூப் என்றால் எண்ணும் சட்டையிலேயே நிற்கலாம். இளையவனின் வலது சட்டைப்பை அவனுடைய முதல் முகாம் வரை காலியாகவே இருக்கட்டும்.